பினோ சில்வெஸ்த்ரே: வெயில் பட்ட பைன் காட்டின் மணம்

ஆண்களுக்கான வாசனைத் திரவியங்களில் காட்டைப் பெயரிலும் படத்திலும் சுமந்து வருபவை இன்று ஏராளம். பெட்டியின் மேல் பனி மூடிய ஊசியிலை மரங்களும் அவற்றின் பின்னே நீல மலைகளும் அச்சிடப்பட்டிருக்கும். குப்பியைத் திறந்தாலோ புதினாவின் குளிர்ச்சியும் மரத்தூளின் காரமும் கொஞ்சம் இனிப்பும் கலந்த, எங்கும் முகர்ந்து பழகிய ஒரு மணம்தான் வரும். வடக்கு ஐரோப்பாவின் ஊசியிலைக் காடுகளை உள்ளபடியே மூக்கருகில் கொண்டுவரும் ஆண்களுக்கான வாசனை எது என்று கேட்பவர்களுக்கு, விலையில் எளியதும் வயதில் மூத்ததுமான ஒன்றையே நான் பரிந்துரைப்பேன். இத்தாலியின் வெனிஸ் நகரத்தில் உருவாகி 1955 முதல் விற்பனையில் இருந்துவரும் 'பினோ சில்வெஸ்த்ரே'தான் அது.

இது தன் பெயரை ஒரு மரத்திடமிருந்து எடுத்துக்கொண்டது. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் பைனஸ் சில்வெஸ்ட்ரிஸ் என்று பெயரிட்ட, பொதுவாக ஸ்காட்ஸ் பைன் என்று அறியப்படும் மரம் அது. ஸ்காட்லாந்தின் மேட்டுநிலங்களில் தொடங்கி நார்வே, சுவீடன், பின்லாந்து, பால்டிக் நாடுகள் வழியாகச் சைபீரியாவின் உள்ளே வெகுதூரம் வரை பரவியிருக்கும் இந்த மரமே, பைன் இனங்களில் மிகப் பரந்த நிலப்பரப்பில் வளர்வது. தெற்கே ஸ்பெயினின் மலைகளிலும் ஆல்ப்ஸ் மலையின் வறண்ட பள்ளத்தாக்குகளிலும் இதைக் காணலாம். அடிமரம் கறுத்துப் பிளந்த பட்டையோடு நிற்க, மேலே செல்லச் செல்லப் பட்டை மெல்லிய ஏடுகளாக உரிந்து செம்மஞ்சள் நிறமாக மாறியிருக்கும். மற்ற மரங்கள் வேண்டாம் என்று ஒதுக்கும் மணற்பாங்கான, சத்தில்லாத நிலத்தில் இது தோப்பாக நிற்கும். அதன் அடியில் வெள்ளைப் பாசிப் படுகையும் சிவந்த லிங்கன் பெர்ரிச் செடிகளும் படர்ந்திருக்கும். தோப்பு அடர்த்தியற்றது என்பதால் வெயில் தரை வரை இறங்கும். இந்த வாசனைத் திரவியத்தைப் புரிந்துகொள்வதற்கு அந்த வெயிலை மனத்தில் வைத்துக்கொள்வது மிகவும் அவசியம்.

வடக்குக் காடு என்றதும் நாம் குளிரையே கற்பனை செய்கிறோம். வாசனைத் திரவியம் தயாரிப்பவர்களும் பெரும்பாலும் அந்தக் கற்பனைக்கே தீனி போடுகிறார்கள். ஆனால் ஊசியிலை மரம் குளிரில் அவ்வளவாக மணப்பதில்லை. இலையிலும் பட்டையிலும் பிசினிலும் அடங்கியிருக்கும் பைனீன், கேரீன் போன்ற, டெர்பீன்கள் எனப்படும் மணச் சேர்மங்கள், வெப்பம் கூடக் கூடப் பன்மடங்கு அதிகமாகக் காற்றில் கலக்கின்றன. பின்லாந்தின் ஹூத்தியாலா ஆய்வு நிலையத்தில் 1990களிலிருந்து அறிவியலாளர்கள் இந்த ஆவிகளைத் தொடர்ந்து அளந்துவருகிறார்கள். காட்டிலிருந்து எழும் டெர்பீன்கள் காற்றில் வினைபுரிந்து நுண்துகள்களாகி, மேகம் உருவாவதற்கே துணைபுரிகின்றன என்பது அந்த ஆய்வுகள் நமக்குத் தெரிவித்த செய்திகளில் ஒன்று. உறைபனிக் காலத்தில் அநேகமாக மணமற்றுக் கிடக்கும் அதே காடு, ஜூன், ஜூலை மாதங்களின் நண்பகலில், பிசின் இளகி வழியும் வேளையில், தொலைவிலேயே தன் இருப்பைத் தெரிவித்துவிடும். எனவே வடக்குக் காட்டின் உண்மையான மணம் கோடையின் மணம். பினோ சில்வெஸ்த்ரேயின் தனிச்சிறப்பும் இதுதான்: அது பனியைக் காட்ட முயலவில்லை, வெயில் பட்ட இலையையும் பிசினையும் காட்டுகிறது.

இதை அமைத்தவர் லீனோ விடால். விடால் குடும்பம் வெனிஸில் பல தலைமுறைகளாக சோப்பு, குளியல் பொருள்கள், வாசனைப் பொருள்கள் ஆகியவற்றின் தொழிலில் இருந்துவரும் குடும்பம். இன்று இந்தத் திரவியத்தைத் தயாரிக்கும் மவீவே நிறுவனத்தை நடத்துவதும் அக்குடும்பத்தினர்தான். வெனிஸின் பலாட்சோ மொசெனிகோ அருங்காட்சியகத்தில் 2013இல் வாசனைத் திரவியங்களின் வரலாற்றுக்கெனத் தனி அறைகள் திறக்கப்பட்டபோது, அதற்குப் பின்னால் இருந்ததும் இதே குடும்பம்தான். கடல்நீரின் நடுவே நிற்கும் ஒரு நகரத்திலிருந்து காட்டு மணம் வருவது வியப்பாகத் தோன்றலாம். அந்த நகரம் நிற்பதே மரத்தூண்களின் மேல்தான். மலைக்காடுகளில் வெட்டிய மரங்களைத் தெப்பங்களாகக் கட்டிப் பியாவே ஆற்றின் வழியே பல நூற்றாண்டுகள் மிதக்கவிட்டுக் கொண்டுவந்தவர்கள் வெனிஸ்காரர்கள். மரத்தின் மணம் அவர்களுக்கு அந்நியமானதாக இருந்திருக்க முடியாது.

குப்பியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பைன் காயின் வடிவில் வார்க்கப்பட்ட பச்சைக் கண்ணாடி. காயின் செதில்கள் கண்ணாடியின் மேல் வரிவரியாகப் புடைத்திருக்கும். அலமாரியில் வைத்தால் சிலர் அதைப் பழைய பாணி என்று நினைக்கக்கூடும். கையில் எடுத்தால் செதில்கள் விரல்களுக்கு நல்ல பிடிமானம் தருகின்றன என்பதையும், தன் உள்ளே இருப்பதை இவ்வளவு நேரடியாகச் சொல்லும் குப்பிகள் அரிது என்பதையும் குறிப்பிட்டுவிட்டு மேலே செல்கிறேன்.

இனி மணத்துக்கு வருவோம். முதலில் காகிதத் துண்டில் தெளித்துப் பார்ப்பதும் பிறகு தோலில் தெளித்துப் பார்ப்பதும் இதன் விஷயத்தில் இரண்டு வெவ்வேறு அனுபவங்கள். காகிதத்தில் எலுமிச்சையும் நாரத்தை வகைப் பழமான பெர்கமாட்டும் லாவெண்டரும் ஒன்றாகப் பாய்ந்து வந்து, பைனை ஒரு சில நிமிடங்கள் மறைத்துவிடுகின்றன. கடையில் அவசரமாக முகர்ந்துவிட்டு, இது ஏதோ பழங்காலத்து முகச்சவரத் தைலம் என்று முடிவு செய்து நகர்ந்துவிடுபவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். தோலின் சூட்டில் எலுமிச்சை வேகமாக ஆவியாகிவிடுகிறது. அது விலகும்போது கீழிருந்து ரோஸ்மேரியின் கற்பூர வாடையும் ஜூனிப்பர் பழத்தின் கசப்பும் முதலில் தலைகாட்டுகின்றன. அவற்றின் பின்னாலேயே பைன் முழு உயரத்தில் எழுந்து நிற்கிறது. பச்சை ஊசியிலைகளை விரலிடுக்கில் வைத்து நசுக்கினால் வரும் நறுக்கான, சற்றே புளித்த, மூக்கின் உட்பகுதியைத் திறந்துவிடுகிற மணம் அது. பிசினின் ஒட்டும் தன்மையைக்கூட ஒரு கணம் உணர முடிகிறது. பச்சை நிறத்தை மணமாக மாற்ற வேண்டிய இடத்தில் பலரும் வெட்டிய புல்லையோ நசுக்கிய இலைக்காம்பையோ நாடுவார்கள். லீனோ விடால் அந்த வழிக்கே போகாமல், பைனோடு மூலிகைகளைச் சேர்த்தே பச்சையைக் கொண்டுவந்திருக்கிறார். ஆகவே இதன் பச்சை ஈரப்பச்சையாக இல்லாமல், வெயிலில் காய்ந்த, எண்ணெய்ப்பசை மிக்க பச்சையாக இருக்கிறது.

இந்தக் கட்டம் தோலில் ஏறத்தாழ ஒரு மணிநேரம் நீடிக்கிறது. பினோ சில்வெஸ்த்ரேயை வாங்குவதற்கு இந்த ஒரு மணிநேரம் மட்டுமே போதிய காரணம் என்பது என் கருத்து. அந்த ஒரு மணிநேரத்தில் மணம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. மணிக்கட்டை மூக்கோடு ஒட்டி முகர்ந்தால் பிசின் மேலோங்குகிறது. கையை ஒரு முழம் தள்ளிப் பிடித்தால் லாவெண்டரும் மூலிகைகளும் முன்னுக்கு வந்து, துவைத்து வெயிலில் உலர்த்திய பருத்தித் துணியின் தூய்மையைத் தருகின்றன. அருகில் காடாகவும் தள்ளி நின்றால் தூய்மையாகவும் தோன்றும் இந்த இரட்டைத் தன்மை, அதைப் பூசிக்கொள்பவருக்கு ஒன்றையும் அவரைச் சுற்றியிருப்பவர்களுக்கு இன்னொன்றையும் கொடுக்கிறது. அலுவலகத்துக்கு இதைப் பூசிச் செல்பவரின் பக்கத்து இருக்கைக்காரர் காட்டின் நடுவே சிக்கிக்கொண்டதாக உணரமாட்டார். நன்றாகக் குளித்துவிட்டு வந்த ஒருவர் பக்கத்தில் இருக்கிறார் என்றுதான் உணர்வார்.

இங்கே நம்மவர்கள் பலருக்கும் எழக்கூடிய ஒரு தடையைப் பற்றி விரிவாகப் பேசியாக வேண்டும். பைன் மரமே வளராத சமவெளியில் வாழும் நமக்குப் பைன் எண்ணெயின் மணம் அறிமுகமானது பெரும்பாலும் பினாயில் வழியாகத்தான். வெள்ளை பினாயில் பைன் எண்ணெயைக் கொண்டு தயாரிக்கப்படுவது. மருத்துவமனைத் தாழ்வாரங்களிலும் ரயில் நிலையங்களிலும் பள்ளிக்கூடக் கழிப்பறைகளிலும் அதைச் சிறுவயது முதல் முகர்ந்துவந்தவர்களுக்கு, பைன் என்ற மணம் மூக்கைத் தொட்டதுமே துடைத்த தரை கண்முன் வருவது இயல்பு. இதைக் குறையாகக் கருதி ஒதுக்கிவிடாமல், இரண்டு மணங்களும் எங்கே பிரிகின்றன என்று பார்ப்பது பயனுள்ளது. தரை துடைக்கும் நீர்மங்களில் சேரும் பைன் எண்ணெய், மரக்கட்டையிலிருந்தோ டர்பென்டைனிலிருந்தோ பெறப்படுவது. ஆல்ஃபா டெர்பினியால் என்ற சேர்மம் அதில் மிகுந்திருக்கும். அது கனமாகவும் மந்தமாகவும் மணக்கும். விலை குறைந்த சோப்புகளிலும் அறை வாசனைகளிலும் பைன் என்று நாம் முகர்வது பெரும்பாலும் டர்பென்டைன் வழியாகச் செயற்கையாகத் தயாரிக்கப்படும் ஐசோபோர்னைல் அசிடேட். ஊசியிலைகளையும் இளங்கிளைகளையும் நீராவியில் வடித்தெடுக்கும் எண்ணெயின் கட்டமைப்போ வேறு. ஸ்காட்ஸ் பைன் இலை எண்ணெயில் ஆல்ஃபா பைனீன் முதன்மையானது. அது உலர்ந்த, கூர்மையான, காற்றோட்டமான மணம். சைபீரிய ஃபிர் மரத்தின் இலை எண்ணெயில் போர்னைல் அசிடேட் மிகுந்திருப்பதால் அது மென்மையாகவும் இலேசான இனிப்போடும் வரும். ஓவியர்கள் வண்ணம் கரைக்கப் பயன்படுத்தும் டர்பென்டைன் ஒரு பக்கம், தரைக்கான பினாயில் இன்னொரு பக்கம், இலையிலிருந்து வரும் எண்ணெய் மூன்றாவது பக்கம் என்று மூக்கு பிரித்தறியப் பழகிவிட்டால், பைன் வாசனைகளின் பெரிய உலகமே நமக்குத் திறந்துவிடும்.

பினோ சில்வெஸ்த்ரே இந்தச் சிக்கலை லாவெண்டரையும் மூலிகைகளையும் வைத்துத் தீர்க்கிறது. பைனைத் தனியாக நிறுத்தினால்தான் தரை துடைக்கும் நினைவு வரும். அதன் இருபுறமும் ரோஸ்மேரியும் ஜூனிப்பரும் சேரும்போது அது மலைச்சரிவில் வளரும் செடிகளில் ஒன்றாக மாறிவிடுகிறது. ஆனாலும் முதல் முகர்விலேயே எல்லாருக்கும் அந்த நினைவு அகன்றுவிடும் என்று நான் உறுதி கூறமாட்டேன். மூடிய, குளிரூட்டப்பட்ட அறையில் மார்பின் மேல் அளவுக்கு மீறித் தெளித்துக்கொண்டால் பினாயில் நினைவு தலைதூக்கவே செய்யும். திறந்த வெளியில், காற்று வீசும் இடத்தில், கழுத்தின் இருபுறமும் அளவாகத் தெளித்து அணிந்து பார்த்துவிட்டு அதன் பிறகு முடிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு மணிநேரம் கழிந்ததும் பைன் பின்வாங்குகிறது. இதில் தயாரிப்பாளரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. பைனீன் போன்ற சிறிய மூலக்கூறுகள் தோலில் நெடுநேரம் தங்க முடியாதவை, காட்டிலும் அவை ஓயாமல் புதிதாக வெளிப்பட்டுக்கொண்டே இருப்பதால்தான் மணம் நிலைத்திருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. பைன் விட்டுச்சென்ற இடத்தை முதலில் செடார் மரத்தின் உலர்ந்த கட்டை வாசமும், பிறகு பாசியும், கடைசியாக மெல்லிய கஸ்தூரியும் நிரப்புகின்றன. இவற்றில் பாசியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஓக்மாஸ் என்று வாசனைத் தொழிலில் வழங்குவது எவெர்னியா புருனாஸ்ட்ரி என்ற மரப்பாசி. செட்டிநாட்டுச் சமையலில் நாம் தாளிக்கும் கல்பாசி இருக்கிறதே, அதுவும் இதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. சூடான எண்ணெயில் கல்பாசி விழுந்த நொடியில் எழும் மண்ணும் மரப்பட்டையும் புகையும் கலந்த வாசத்தை நினைத்துக்கொண்டால், ஒரு ஆண்மைமிக்க பழைய வாசனைத் திரவியத்தின் அடிமணம் எப்படியிருக்கும் என்பதில் பாதி விளங்கிவிடும். வடக்குக் காட்டில் ஒவ்வொரு கிளையிலும் சாம்பல் நிறத்தில் தொங்குவதும், தரையில் படுகையாகக் கிடப்பதும் இத்தகைய பாசிகளே. அந்த மணம் இல்லையென்றால் மரம் மட்டும் இருக்கும், காடு இருக்காது.

இந்தப் பாசி இப்போது முன்போல் தாராளமாகப் பயன்படுத்தப்படுவதில்லை. ஓக்மாஸில் இயற்கையாகவே இருக்கும் அட்ரனால், குளோரோஅட்ரனால் என்ற இரண்டு சேர்மங்கள் சிலருக்குத் தோல் ஒவ்வாமையை உண்டாக்குபவை என்று கண்டறியப்பட்டு, ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் கொண்டுவந்த ஒழுங்குமுறையின்படி அவை அழகுசாதனப் பொருள்களில் தடைசெய்யப்பட்டன. 2021 ஆகஸ்டுக்குப் பிறகு அவை சேர்ந்த பொருள்களை ஐரோப்பியச் சந்தையில் விற்க இடமில்லை. அவற்றை நீக்கிச் சுத்திகரித்த பாசிச் சாறோ செயற்கை மாற்றோதான் இன்று பயன்படுகிறது. ஐரோப்பாவில் விற்கப்படும் எல்லாப் பழைய வாசனைகளுக்கும் இது பொருந்தும். தடையின் நோக்கத்தை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். ஒருவரின் தோலைப் புண்ணாக்கும் நறுமணத்துக்கு எந்த நியாயமும் கிடையாது. அதே வேளையில், இன்றைய பினோ சில்வெஸ்த்ரேயின் அடிமணத்தில் பாசி மெலிந்து சோப்பின் மென்மை கூடியிருப்பதை மூக்கு கவனிக்கவே செய்கிறது. ஆண்டுகள் பல கடந்த குப்பிகளைத் தேடிப் பெருந்தொகை கொடுத்து வாங்கும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். காரணத்தைப் பின்னால் கூறுகிறேன்.

இதில் இல்லாதவற்றையும் சொல்லிவிடுவது நேர்மை. வடக்குக் காட்டின் மணத்தில் பாதி தரையிலிருந்து எழுவது: மட்கிய ஊசியிலை, ஈரமண், காளான், சதுப்பில் வளரும் செடிகளின் நெடி. பின்லாந்திலும் சுவீடனிலும் பைன் வேர்களையும் அடிக்கட்டைகளையும் சூளையில் எரித்துத் தார் வடித்துப் படகுகளுக்குப் பூசிவந்த மரபு பல நூற்றாண்டுப் பழமையுடையது. அந்தத் தாரின் புகைவாசம் இன்றும் அங்கே சோப்பிலும் மிட்டாயிலும்கூடச் சேர்க்கப்படுகிறது. பினோ சில்வெஸ்த்ரேயில் தரையும் இல்லை, புகையும் இல்லை. அது இடுப்பளவு உயரத்துக்கு மேலே உள்ள காடு. இலை, கிளை, பிசின், காற்று ஆகியவற்றோடு அது நின்றுவிடுகிறது. இருண்ட, ஈரமான, தனிமை கவிந்த காட்டைத் தேடுபவர்களுக்கு இது ஏமாற்றம் அளிக்கும்.

அத்தகையவர்கள் இரண்டு வாசனைகளை முகர்ந்து பார்க்கலாம். ரால்ஃப் லாரனின் பச்சைக் குப்பிப் போலோ 1978இல் வெளிவந்தது. கார்லோஸ் பெனாயிம் அமைத்தது. பைன் அதிலும் உண்டு. ஆனால் அதைப் பதனிட்ட தோலின் வாசமும் புகையிலையும் மண்வாசம் கொண்ட பச்சௌலி இலையும் பாசியும் நாலாபுறமும் சூழ்ந்து நிற்கின்றன. அது காட்டின் நடுவே மரவீட்டில் கணப்பு மூட்டி உட்கார்ந்திருக்கும் வசதியான மனிதரின் மணம். ஆழமானது, கம்பீரமானது, துணியில் மறுநாள் வரை தங்குவது. வெயில் காலத்தில் அதைப் பூசிக்கொண்டு கூட்டத்தில் நிற்பது பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சுமையாகிவிடும். மற்றொன்று கொம் தெ கார்சோன் நிறுவனம் 2002இல் சாம்பிராணி மணங்களின் வரிசையில் வெளியிட்ட 'ஜகோர்ஸ்க்'. மாஸ்கோவுக்கு அருகே, பெயர்பெற்ற மடாலயம் ஒன்றைக் கொண்ட செர்கியேவ் பசாத் நகரம் சோவியத் காலத்தில் இந்தப் பெயரால்தான் அழைக்கப்பட்டது. பைனும் பிர்ச் மரமும் தூபப் புகையும் வயலட்டின் குளிர்ச்சியும் சேர்ந்த அந்த மணம், பனியில் நிற்கும் மரத்தேவாலயத்தின் உள்ளே நுழைந்ததுபோல் இருக்கும், இருபாலரும் அணியத்தக்கது. மேலே நான் குறைகூறிய குளிர்க் கற்பனையையே அதுவும் கையாள்கிறது என்றாலும், அதை இவ்வளவு அழகாகக் கையாண்டவர்கள் குறைவு. இவ்விரண்டின் விலையும் பினோ சில்வெஸ்த்ரேயைவிடப் பல மடங்கு அதிகம். கலையின் நுட்பத்தில் ஜகோர்ஸ்க் மேலானது என்று ஒப்புக்கொள்ளத் தயங்கமாட்டேன். வெப்பமான நாளில் காலையில் எழுந்ததும் கை நீளுவது பினோ சில்வெஸ்த்ரேயின் பக்கம்தான்.

வெப்பத்தைப் பற்றிச் சொன்னதைத் தமிழ்நாட்டின் கடலோர நகரங்களில் வாழ்பவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். நம் ஊரின் புழுக்கத்தில் வெனிலாவும் அம்பரும் மிகுந்த இனிப்பு வாசனைகள் திகட்டிப்போகின்றன; வியர்வையோடு கலக்கும்போது அவை எதிர்மறையான விளைவையே தருகின்றன. பைன், லாவெண்டர், மூலிகை என்ற சேர்க்கை கசப்பும் உலர்வும் உடையது என்பதால் வியர்வையைத் தாங்கி நிற்கிறது. காட்டில் வெப்பம் மரத்திடமிருந்து மணத்தை வெளிக்கொணர்வதுபோலவே நம் வெயிலும் இதன் பைன் கட்டத்தை விரித்துக்காட்டுகிறது. அதற்கு விலையாக அந்தக் கட்டம் சீக்கிரமே முடிந்தும் போகிறது. குளிரூட்டப்பட்ட அறையில் ஒரு மணிநேரம் நிற்கும் பைன், நண்பகல் வெயிலில் அதில் பாதி நேரம்தான் நிற்கும். மொத்த ஆயுளும் மூன்று, நான்கு மணிநேரத்தைத் தாண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இது ஓ டி டாய்லெட் எனப்படும் மிதமான அடர்த்தியில், பழைய கொலோன்களின் மரபில் அமைந்தது; குளித்தபின் தாராளமாகப் பூசிக்கொள்ளவும், மாலையில் முகம் கழுவிவிட்டு மறுபடி பூசிக்கொள்ளவும் உரியது. காலையில் ஒருமுறை தெளித்துவிட்டு இரவு வரை மணக்க வேண்டும் என்று விரும்புபவர்கள் வேறு வாசனையைத் தேடுவதே நல்லது. எப்போதும் அடுத்தவரின் கவனத்தை ஈர்த்துக்கொண்டே இருக்கும் வாசனைகளை நான் உயர்வாக மதிப்பதில்லை என்பதால், இந்தக் குறுகிய ஆயுள் எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை. விலை குறைவு என்பதால் மறுபடி பூசிக்கொள்வதில் மனத்தயக்கமும் எழுவதில்லை.

பருத்திச் சட்டையின் கழுத்துப்பட்டையின் உட்புறத்தில் இலேசாகத் தெளிப்பது ஆயுளை நீட்டும் எளிய வழி. துணியில் பைன் மெதுவாக ஆவியாகிறது. உடலின் எண்ணெய்ப்பசை குறுக்கிடாததால் பாசியும் செடாரும் கடைசிவரை தெளிவாக இருக்கின்றன. வெள்ளைத் துணியில் தெளிக்கும் முன் ஓரத்தில் சோதித்துப் பார்த்துக்கொள்வது பாதுகாப்பானது. பட்டு வேட்டி, அங்கவஸ்திரம் ஆகியவற்றின் மேல் எந்த வாசனைத் திரவியத்தையும் நேரடியாகத் தெளிக்க வேண்டாம்.

சேமித்துவைப்பதில் பைன் வாசனைகளுக்குக் கூடுதல் அக்கறை தேவை. பைன் குடும்பத்தின் எண்ணெய்கள் காற்றோடும் ஒளியோடும் வினைபுரிந்து பெராக்சைடுகளை உண்டாக்குகின்றன. அவை மணத்தைக் கெடுப்பதோடு தோலுக்கும் ஒவ்வாதவை. இதனால்தான் இந்த எண்ணெய்களின் பெராக்சைடு அளவு லிட்டருக்கு 10 மில்லிமோலுக்குள் இருக்க வேண்டும் என்று பன்னாட்டு வாசனைப் பொருள் சங்கமான இஃப்ரா வரையறுத்திருக்கிறது. ஆண்டுக்கணக்கில் எங்கெங்கோ கிடந்த பழைய குப்பிகளைத் தேடிச் செல்ல வேண்டாம் என்று மேலே குறிப்பிட்டதன் காரணம் இதுவே: அவற்றின் பாசி உயர்ந்ததாக இருந்தாலும் மேலே இருக்கும் எலுமிச்சையும் பைனும் கெட்டுப்போய், வண்ணப்பூச்சுக் கடையின் நெடி அடிக்க வாய்ப்பு மிகுதி. குளியலறையின் ஈரத்திலும் சன்னல் ஓரத்து வெயிலிலும் குப்பியை வைக்காமல் அலமாரியின் இருட்டில் வைத்தால் இந்தச் சிக்கல் வெகுநாள் அண்டாது. சவரம் செய்த உடனே, தோல் எரிந்துகொண்டிருக்கும்போது முகத்தில் பூசுவதையும் தவிர்க்க வேண்டும். கழுத்தின் பின்புறமும் மார்பும் போதும்.

வாங்கும்போது பெட்டியை ஊன்றிப் படிக்க வேண்டும். பினோ சில்வெஸ்த்ரே என்ற பெயரோடு பின்னொட்டுப் பெயர்கள் சேர்ந்த புதிய வாசனைகளும் அதே நிறுவனத்தின் பெயரில் விற்கப்படுகின்றன. அவற்றில் பல இன்றைய ரசனைக்கேற்ற இனிப்பு வாசனைகள், 1955ஆம் ஆண்டின் பைனுக்கும் அவற்றுக்கும் உறவு குறைவு. 'ஒரிஜினல்' என்ற சொல்லும் பைன் காய் வடிவக் குப்பியும் சேர்ந்திருப்பதுதான் இங்கே பேசப்பட்டது. இணையத்தில் வாங்குபவர்கள் தயாரிப்புத் தொகுதி எண் பெட்டியிலும் குப்பியின் அடியிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். இதே மணத்தில் குளியல் நுரையும் டியோடரண்டும் வருகின்றன. பணம் ஒன்றுக்கு மட்டுமே இடம் தருமென்றால் வாசனைத் திரவியத்தை வாங்குங்கள். இரண்டுக்கு இடம் இருந்தால் குளியல் நுரையையும் சேர்த்துக்கொள்ளலாம், ஏனெனில் வெந்நீரின் ஆவியில் அந்தப் பைன் எழும்போதும் அதன் மேல் திரவியத்தைப் பூசும்போதும் கிடைக்கும் நிறைவைத் தனித்தனியாக இரண்டில் எதுவும் தருவதில்லை.